பாரிமுனையில் உட்கார்ந்து மணலி சர்வரின் ஐபியை மாற்ற: ஸ்கிரிப்ட் வழி முழுமையான வழிகாட்டி

பாரிமுனையில் தலைமை அலுவலகம், திருவொற்றியூரில் குடோன், மணலியில் கன்டெய்னர் யார்டு. வடசென்னையில் சரக்குத் தொழில் செய்யும் கம்பெனிகள் பலவும் இப்படித்தான் பரவுகின்றன. ஒவ்வொரு இடத்திலும் ரவுட்டர் வாங்கிய அன்று பெட்டியிலிருந்து என்ன முகவரி வந்ததோ, அதே 192.168.1.0 வரிசை அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். மூன்று இடத்தையும் விபிஎன் (இணையம் வழியாகப் போகும் தனிச் சுரங்க இணைப்பு) போட்டு இணைக்க நினைக்கும் நாளில்தான் சிக்கல் தெரியும். மூன்று ஊருக்கும் ஒரே பின்கோடு இருந்தால் தபால் எங்கே போகும்?

ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி வரிசை கொடுக்கும் மாற்றத்தைத்தான் இங்கே முழுதாகப் பார்க்கப்போகிறோம். எடுத்துக்காட்டாக 14 சர்வர்களை வைத்துக்கொள்வோம். அதில் 10 விண்டோஸ் சர்வர், 4 உபுண்டு. புதிய வரிசை பாரிமுனைக்கு 10.20.10.0, திருவொற்றியூருக்கு 10.20.20.0, மணலிக்கு 10.20.30.0. எல்லாமே 24 பிட் மாஸ்க், அதாவது முதல் மூன்று எண் இடத்தைக் குறிக்கும், கடைசி எண் மட்டும் சர்வருக்குச் சர்வர் மாறும்.

ஸ்கிரிப்ட் எழுதுவது இந்த வேலையில் சின்னப் பகுதி. நீங்கள் எந்தக் கம்பி வழியாக சர்வரைத் தொடுகிறீர்களோ, அதே கம்பியின் முகவரியைத்தான் மாற்றப்போகிறீர்கள். கட்டளை பாதியில் நின்றால் சர்வர் உங்கள் கையை விட்டுப் போய்விடும். ராத்திரியில் எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது பாரிமுனையிலிருந்து மணலிக்குக் கிளம்பினால் எப்போது போய்ச் சேருவோம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் போகும்: கட்டளை தவறிப்போனால், நம் உதவி இல்லாமல் சர்வர் தானாகப் பழைய நிலைக்குத் திரும்புமா?

கட்டளைப் பெயர்கள் இங்கே ஒலிப்படி தமிழில் இருக்கின்றன. கீபோர்டில் ஆங்கில எழுத்தில், இடைக்கோட்டோடு அடித்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் கார்டுக்கான பவர்ஷெல் கட்டளைகள் விண்டோஸ் சர்வர் 2012-லிருந்துதான் உண்டு. அதற்கு முந்தைய சர்வர் ஏதாவது மூலையில் ஓடினால் அதை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதற்கு நெட்எஸ்எச் கட்டளைதான்; அதையும் நேரில் போய்ச் செய்யுங்கள்.

முதல் படி: பின்வாசல் திறக்கிறதா என்று பாருங்கள்

ஐலோ (எச்பி), ஐடிராக் (டெல்) போன்ற, சர்வரின் திரையைத் தொலைவிலிருந்து தனி வழியில் காட்டும் மேலாண்மைப் போர்ட் உள்ள சர்வர்கள் எவை என்று எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் உள்ளே போய் கன்சோல் திரையைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். லாகின் பக்கம் வருகிறது என்பது போதாது. ஐலோவின் அடிப்படை உரிமத்தில் பல மாடல்களில், ஓஎஸ் ஏறும் வரைதான் திரை தெரியும். அதன்பின் அட்வான்ஸ்டு உரிமம் கேட்கும். ஐடிராக்கிலும் விர்ச்சுவல் கன்சோலுக்கு என்டர்பிரைஸ் உரிமம் வேண்டும். இது நடுராத்திரியில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை.

பின்வாசல் இல்லாத சர்வர்கள் இருந்தால், அந்த இடத்தில் மானிட்டரும் கீபோர்டும் எங்கே இருக்கின்றன, அந்த நேரத்தில் அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் கேட்டு வையுங்கள்.

இரண்டாம் படி: ஒவ்வோர் இடத்திலும் ஒரு கட்டுப்பாட்டுக் கணினி

மூன்று இடத்துக்கும் பாரிமுனையிலிருந்தே ஒரே ஸ்கிரிப்டை ஓட்டலாம் என்று தோன்றும். வேண்டாம். மணலி சர்வர்களுக்கு மணலியிலேயே உள்ள, இன்று மாறப்போகாத ஒரு கணினியைத் தேர்ந்தெடுங்கள். பாரிமுனையிலிருந்து ரிமோட்டில் அந்தக் கணினிக்குள் போய், ஸ்கிரிப்டை அங்கிருந்து ஓட்டுங்கள்.

காரணம் இரண்டு. கட்டுப்பாட்டுக் கணினியும் சர்வரும் ஒரே சப்நெட்டில் (ஒரே முகவரி வரிசையில்) இருந்தால் கேட்வே (வெளியே போகும் வாசலான ரவுட்டர் முகவரி) மாறும் நொடியிலும் அவை ஒன்றையொன்று பார்க்கும். நடுவில் ரவுட்டர் தேவையில்லை. அடுத்தது ஃபயர்வால். முகவரியோ கேட்வேயோ மாறும்போது விண்டோஸ் அந்த நெட்வொர்க்கைப் புதிய இடம் என்று எண்ணி, பப்ளிக் என்று வகைப்படுத்திவிடுவது உண்டு. பப்ளிக் வகையில் விண்டோஸ் சர்வரின் வின்ஆர்எம் (தொலைவிலிருந்து வரும் பவர்ஷெல் கட்டளையை ஏற்கும் சேவை) விதி, அதே சப்நெட்டில் உள்ள கணினிகளை மட்டுமே உள்ளே விடும். வெளியிலிருந்து ஓட்டினால் சர்வர் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் கதவு சாத்தியிருக்கும்.

இந்தக் கணினிக்கும் புதிய வரிசையில் ஒரு இரண்டாம் முகவரி கொடுங்கள், மணலியில் 10.20.30.250 என்பதுபோல. ரவுட்டரிலும் உள்பக்கப் போர்ட்டில் 10.20.30.1 என்று இரண்டாம் முகவரி சேருங்கள். பழைய 192.168.1.1 அப்படியே இருக்கட்டும். ஒரே கம்பியில் இரண்டு வரிசையும் கொஞ்ச நாள் கூடவே ஓடப்போகின்றன. மொத்தத் திட்டமும் இதை நம்பித்தான்.

வின்ஆர்எம் 5985 போர்ட்டில் பேசும், எச்டிடிபிஎஸ் என்றால் 5986. டொமைனில் உள்ள சர்வரைப் பெயர் சொல்லி அழைத்தால் கெர்பரோஸ் (டொமைனின் அடையாளச் சரிபார்ப்பு) தானாக வேலை செய்யும். ஐபி சொல்லி அழைத்தால் செய்யாது. புதிய ஐபியைச் சோதிக்க ஐபி சொல்லித்தானே அழைக்க வேண்டும்? அதற்காகக் கட்டுப்பாட்டுக் கணினியின் டிரஸ்டட்ஹோஸ்ட்ஸ் பட்டியலில் 10.20.30.* என்று சேர்த்து, கிரெடென்ஷியலைக் கையால் கொடுங்கள். வேலை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிட மறக்காதீர்கள்.

மூன்றாம் படி: பட்டியல்

பாதி நேரம் இதில்தான் போக வேண்டும். போகட்டும்.

கார்டை எதை வைத்து அடையாளம் காண்பது? 'ஈதர்நெட்', 'ஈதர்நெட் 2' என்ற பெயர்களை நம்ப முடியாது. ஒரே மாடல் இரண்டு சர்வரில் இடது போர்ட் ஒன்றில் 'ஈதர்நெட்' ஆகவும் இன்னொன்றில் 'ஈதர்நெட் 3' ஆகவும் இருக்கும். இன்டெர்ஃபேஸ் எண்ணும் நிலையில்லாதது. ஒவ்வொரு கார்டுக்கும் உரிய மேக் முகவரி ஒன்றுதான் ஆதாரம். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு கார்டுகளை டீமிங் செய்து (ஒரே கார்டுபோலச் சேர்த்து) வைத்திருந்தால், மேக்அட்ரஸ் என்ற பண்பு டீமின் மேக்கைக் காட்டக்கூடும்; அப்போது இரண்டு கார்டும் ஒரே மேக்கோடு நிற்கும். பெர்மனென்ட்அட்ரஸ் என்ற பண்பைப் படியுங்கள். கார்டில் பொறித்து வந்த எண் அதில்தான் இருக்கிறது.

கெட்-நெட்அடாப்டர் கட்டளையை பிசிக்கல் என்ற சுவிட்சோடு ஓட்டி, கார்டின் பெயர், விவரம், பெர்மனென்ட்அட்ரஸ், நிலை, லிங்க் வேகம் ஐந்தையும் எடுங்கள். கூடவே கெட்-நெட்ஐபிஅட்ரஸ், கெட்-நெட்ரூட், கெட்-டிஎன்எஸ்கிளையன்ட்சர்வர்அட்ரஸ் மூன்றின் விடையையும் எக்ஸ்போர்ட்-சிஎல்ஐஎக்ஸ்எம்எல் கொண்டு சர்வருக்கு ஒரு கோப்பாகச் சேமியுங்கள். பழைய நிலைக்குச் சாட்சி இந்தக் கோப்புதான். யாரோ எப்போதோ போட்டு வைத்த நிலையான ரூட் (பாக்கெட் போகும் வழி) ஏதாவது இருந்தால் அதுவும் இதில் வெளியே வரும்.

அதன்பின் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல் கோப்பு) தயாரியுங்கள். ஒரு வரிக்கு ஒரு கார்டு. பத்திகள்: சர்வர் பெயர், மேக், கார்டின் புதுப்பெயர், பழைய ஐபி, புதிய ஐபி, மாஸ்க் நீளம், கேட்வே, டிஎன்எஸ் 1, டிஎன்எஸ் 2 (பெயரை ஐபியாக மாற்றித் தரும் சர்வர்கள்). கேட்வே பத்தி ஒரு சர்வருக்கு ஒரே ஒரு வரியில்தான் நிரம்பியிருக்க வேண்டும். பேக்கப் கார்டுக்கும் ஸ்டோரேஜ் கார்டுக்கும் கேட்வே கிடையாது. இரண்டு கார்டில் கேட்வே போட்டால் பாக்கெட் ஒரு வழியாக வந்து வேறு வழியாகப் போகும். சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. அப்படிப்பட்ட கோளாறைக் கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகும்.

இந்த சிஎஸ்வியை எக்செல்லில் இரண்டு முறை கிளிக் செய்து திறக்காதீர்கள். விஎம்வேர் கார்டுகளின் மேக் பெரும்பாலும் 005056 என்று தொடங்கும். அடுத்து '8இ' (ஆங்கில E) வந்து மிச்சம் 0012 என்பதுபோலச் சின்ன எண்ணாக இருந்துவிட்டால், எக்செல் அதை மேக் என்று பார்க்காது. பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொண்டு 5.06, பக்கத்தில் அந்த எழுத்து, பக்கத்தில் கூட்டல் 16 என்று மாற்றிவிடும். சேமித்தால் அசல் மேக் போயே போய்விடும். முன்னால் உள்ள இரண்டு பூஜ்யமும் போகும். பெர்மனென்ட்அட்ரஸ் இடைக்கோடு இல்லாமல் 12 எழுத்தாக வருவதால்தான் இந்த ஆபத்து. நோட்பேடில் திருத்துங்கள், எக்செல்தான் வேண்டும் என்றால் அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று குறிப்பிட்டு இம்போர்ட் செய்யுங்கள்.

ஸ்விட்சில் பார்த்தால் மேக் நான்கு நான்காகப் புள்ளி வைத்து வரும், லினக்ஸில் இரண்டு இரண்டாக முக்காற்புள்ளியோடு வரும், விண்டோஸில் இடைக்கோடு. ஸ்கிரிப்டின் முதல் வேலையே இந்தக் குறிகளை எல்லாம் நீக்கி, பெரிய எழுத்தாக்கி, சரியாக 12 எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதாக இருக்கட்டும். 12 இல்லையென்றால் அந்த வரியோடு நின்றுவிட வேண்டும்.

நான்காம் படி: பழைய முகவரியை யார் யார் தேடி வருகிறார்கள்?

சர்வரை மாற்றிவிடலாம். அதன் பழைய ஐபியை மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பெட்டிகளை என்ன செய்வது? யார்டில் வே பிரிட்ஜ் (லாரி எடைமேடை) கணினியின் கான்ஃபிக் கோப்பில் சர்வர் ஐபி எழுதியிருக்கும். விரல்ரேகை மெஷின், கேமரா ரெக்கார்டர், லேபிள் பிரின்டர், ஸ்கேனர் எல்லாமே பெயர் கேட்காது, எண்ணைத்தான் கேட்கும்.

கெட்-நெட்டிசிபிகனெக்ஷன் கட்டளையில் லோக்கல் முகவரி பழைய ஐபியாகவும் நிலை எஸ்டாபிளிஷ்டு ஆகவும் இருப்பதை மட்டும் வடிகட்டி, ரிமோட் முகவரியையும் போர்ட்டையும் ஒரு கோப்பில் சேருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு வாரம் முழுக்க. மாதக் கடைசி கணக்கு முடிக்கும் நாள் அந்த வாரத்தில் வந்தால் இன்னும் நல்லது. உபுண்டுவில் எஸ்எஸ் கட்டளை இதே வேலையைச் செய்யும். வாரக் கடைசியில் கையில் கிடைக்கும் பட்டியலை வைத்துக்கொண்டு யார்டைச் சுற்றி வந்தால், யாரும் சொல்லாத இரண்டு மூன்று பெட்டிகள் கட்டாயம் அகப்படும்.

ஐந்தாம் படி: புதியதைச் சேருங்கள், பழையதைத் தொடாதீர்கள்

ஐபியை நேரடியாக மாற்றும் கட்டளை பவர்ஷெல்லில் இல்லை. செட்-நெட்ஐபிஅட்ரஸ் என்ற பெயரைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அது முகவரியின் பண்புகளை மாற்றுமே தவிர முகவரியை மாற்றாது. புதியதைச் சேர்க்க வேண்டும், பழையதை நீக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் செய்யாமல் நாள் இடைவெளி விட்டுச் செய்வதில்தான் பாதுகாப்பு.

சேர்க்கும் ஸ்கிரிப்டின் உடல் இப்படிப் போகும். இம்போர்ட்-சிஎஸ்வி பட்டியலைப் படிக்கும். ஒவ்வொரு சர்வருக்கும் இன்வோக்-கமாண்ட் வழியாக அதற்குரிய வரிகளை அனுப்பும். மதிப்புகளை 'யூசிங்' என்ற முன்னொட்டோடு உள்ளே அனுப்புங்கள். தொலை சர்வருக்குள்ளிருந்து ஷேர் ஃபோல்டரில் உள்ள சிஎஸ்வியைப் படிக்கச் சொன்னால் அனுமதி மறுக்கப்படும், ஏனென்றால் உங்கள் அடையாளம் அந்த சர்வர் வரைதான் வரும், அங்கிருந்து அடுத்த கணினிக்குத் தாவாது.

உள்ளே போனதும் முதல் வரி, பிழை வந்தால் நிற்கச் சொல்வது: எரர்ஆக்ஷன்பிரிஃபரன்ஸ் மதிப்பை ஸ்டாப் என்று வையுங்கள். இல்லையென்றால் ஒரு கட்டளை தோற்றாலும் அடுத்தது ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு மேக்கை வைத்துக் கார்டைத் தேடுங்கள். கிடைத்த எண்ணிக்கை சரியாக ஒன்றா? பூஜ்யமோ இரண்டோ என்றால் அந்த சர்வரை விட்டுவிட்டு லாகில் எழுதுங்கள்.

அடுத்து ரீநேம்-நெட்அடாப்டர். பெயர் ஏற்கெனவே சரியாக இருந்தால் தாண்டிப் போகட்டும். ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டினாலும் எதுவும் கெடக்கூடாது. இரண்டு கார்டின் பெயர்கள் ஒன்றுக்கொன்று இடம் மாற வேண்டியிருந்தால் முதல் கட்டளையே 'பெயர் ஏற்கெனவே உள்ளது' என்று தோற்கும். எல்லாக் கார்டுக்கும் முதலில் தற்காலிகப் பெயர், பிறகு உண்மைப் பெயர் என்று இரண்டு சுற்றாகச் செய்யுங்கள்.

பிறகு நியூ-நெட்ஐபிஅட்ரஸ். இதில் கேட்வே அளவுருவை இப்போது கொடுக்காதீர்கள். ஸ்கிப்ஆஸ்சோர்ஸ் மட்டும் உண்மை என்று வையுங்கள். அப்போது புதிய முகவரிக்கு வருபவர்களுக்குச் சர்வர் பதில் சொல்லும். ஆனால் தானாக வெளியே போகும்போது பழைய முகவரியையே பயன்படுத்தும், புதியதை டிஎன்எஸ்ஸிலும் பதியாது. யாருக்கும் எதுவும் மாறியதாகத் தெரியாது. டிஎச்சிபி (தானாகக் கிடைக்கும்) முகவரியில் ஓடும் கார்டுக்கு இது பொருந்தாது. அதை முதலில் இப்போதுள்ள அதே முகவரியில் நிலையானதாக ஆக்கிவிட்டு, ஒருநாள் கழித்து வாருங்கள்.

முகவரி சேர்ந்ததும் அதன் அட்ரஸ்ஸ்டேட் சில நொடிகள் டென்டேட்டிவ் என்று இருக்கும். அந்த நேரத்தில் சர்வர் 'இந்த எண் வேறு யாரிடமாவது இருக்கிறதா' என்று கம்பியில் கேட்டுக்கொண்டிருக்கும். யாரும் பதில் சொல்லவில்லை என்றால் பிரிஃபர்டு ஆகும். டூப்ளிகேட் என்று வந்தால் வேறொரு பெட்டி அதே எண்ணில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் உடனே ரிமூவ்-நெட்ஐபிஅட்ரஸ் ஓட்டிவிட்டு நிற்க வேண்டும். சேர்த்த உடனே பிங் செய்து 'வரவில்லையே' என்று பதற வேண்டாம். பத்து நொடி வரை, நொடிக்கு ஒருமுறை நிலையைப் பாருங்கள்.

சேர்க்கும்போது 'இந்த முகவரி வேறொரு கார்டுக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது' என்று செய்தி வந்தால், முன்பு கழற்றிய பழைய கார்டு ரெஜிஸ்ட்ரியில் ஆவியாக இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் அந்தக் கார்டை அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

இன்வோக்-கமாண்ட் ஒரே நேரத்தில் 32 சர்வர் வரை போகும். நீங்கள் ஒன்றோடு ஆரம்பியுங்கள். த்ராட்டில்லிமிட் மதிப்பை 1 என்று வைத்து, போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய ஒரு சர்வரில் முதலில். பிறகு அதே இடத்தில் இரண்டு. பிறகு மிச்சம். டொமைன் கன்ட்ரோலரும் (லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர்) கிளஸ்டர் நோடுகளும் (ஒரே வேலையைச் சேர்ந்து செய்யும் சர்வர்கள்) இந்த ஸ்கிரிப்டுக்குள் வரவே கூடாது. அவற்றின் முகவரியை மற்ற எல்லாமே நம்பியிருக்கின்றன. அவை கடைசியில், தனியாக, கையால்.

ஆறாம் படி: கயிறு கட்டிக்கொண்டு இறங்குவது

சேர்க்கும் கட்டத்தில் ஆபத்து குறைவு. கேட்வே மாறும் கட்டத்தில்தான் சர்வர் கைநழுவும். அதற்கு முன்னால் ஒவ்வொரு சர்வரிலும் ஒரு மீட்பு ஸ்கிரிப்டும், அதை ஓட்ட ஒரு ஷெட்யூல்டு டாஸ்கும் வைக்க வேண்டும்.

மீட்பு ஸ்கிரிப்ட் சர்வரின் சொந்த டிஸ்கில் இருக்கட்டும். அதில் தேடல், ஷேர் ஃபோல்டர் எதுவும் வேண்டாம். பழைய ஐபி, பழைய கேட்வே, பழைய டிஎன்எஸ் எல்லாமே எண்ணாகவே எழுதப்பட்டிருக்க வேண்டும். செய்வது இவ்வளவுதான்: இப்போதுள்ள கேட்வே ரூட்டை நீக்கு, பழைய கேட்வேயைப் போடு, டிஎன்எஸ்ஸைப் பழையபடி ஆக்கு, ஸ்கிப்ஆஸ்சோர்ஸ் மதிப்புகளைத் திருப்பு.

ரெஜிஸ்டர்-ஷெட்யூல்டுடாஸ்க் கொண்டு, சிஸ்டம் கணக்கில், 15 நிமிடம் கழித்து ஓடும்படி பதியுங்கள். இங்கே மூன்று நுணுக்கம். அந்த 15 நிமிடத்தை உங்கள் கணினியின் கடிகாரத்தில் கணக்கிட்டு அனுப்பாதீர்கள். சர்வரின் கடிகாரம் இருபது நிமிடம் முன்னால் ஓடினால் உங்கள் நேரம் அங்கே ஏற்கெனவே கடந்துபோயிருக்கும், டாஸ்க் ஓடவே ஓடாது. இன்வோக்-கமாண்டுக்குள்ளேயே, சர்வரின் நேரத்தோடு 15-ஐக் கூட்டுங்கள். இரண்டாவது, ஸ்டார்ட்வென்அவைலபிள் அமைப்பைப் போடுங்கள். நடுவில் சர்வர் ரீபூட் ஆகி நேரம் தவறினாலும் எழுந்ததும் ஓடும். மூன்றாவது பலரும் விடுவது: யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கேபிளால் சர்வரோடு இணைத்திருந்தால், விண்டோஸ் அதைப் பேட்டரி என்று பார்க்கலாம். கரன்ட் போன நேரத்தில் 'பேட்டரியில் ஓடுகிறேன்' என்று சொல்லி டாஸ்க்கைத் தொடங்காது. அலவ்ஸ்டார்ட்இஃப்ஆன்பேட்டரிஸ், டோன்ட்ஸ்டாப்இஃப்கோயிங்ஆன்பேட்டரிஸ் இரண்டையும் சேர்த்தே பதியுங்கள். வெயில் காலத்து மின்வெட்டில் இது கைகொடுக்கும்.

முதல் சர்வரில் இந்த மீட்பை வேண்டுமென்றே ஒருமுறை ஓடவிடுங்கள். கேட்வேயை மாற்றிவிட்டு எதையும் செய்யாமல் 15 நிமிடம் உட்கார்ந்திருங்கள். பழைய நிலைக்குத் தானாகத் திரும்பினால்தான் அடுத்த சர்வர்.

ஏழாம் படி: மாற்றும் நொடி

எல்லாக் கட்டளையும் ஒரே ஸ்கிரிப்ட் பிளாக்கில் போகட்டும். வரி வரியாகக் கையால் அடித்தால் முதல் வரியிலேயே தொடர்பு போய்விட்டால், இரண்டாவது வரி போய்ச் சேராமல் நிற்கும். வரிசை இது: ரிமூவ்-நெட்ரூட் கொண்டு 0.0.0.0/0 ரூட்டை நீக்குங்கள், கன்ஃபர்ம் கேட்காதபடி. நியூ-நெட்ரூட் கொண்டு 10.20.30.1-ஐப் போடுங்கள். புதிய ஐபிக்கு ஸ்கிப்ஆஸ்சோர்ஸ் பொய், பழையதற்கு உண்மை. பிறகு டிஎன்எஸ். கடைசியில் ஐபிகான்ஃபிக்கில் ரெஜிஸ்டர்டிஎன்எஸ்.

ஐபி முகவரியை நீக்கினாலே கேட்வேயும் போய்விடும் என்று நினைப்பது பெரிய தவறு. ரூட் தனி, முகவரி தனி. பழைய ரூட் இருக்கும்போதே நியூ-நெட்ஐபிஅட்ரஸ்ஸில் கேட்வே கொடுத்தால் 'ஏற்கெனவே உள்ளது' என்று தோற்பதும் இதனால்தான்.

ஓட்டியபின் திரை உறைந்தால் சாளரத்தை மூடாதீர்கள். தொடர்பு அறுந்தால் பவர்ஷெல் நான்கு நிமிடம் வரை மீண்டும் சேரப் பார்க்கும். இன்னொரு சாளரத்தில், 10.20.30 வரிசையின் புதிய ஐபியைச் சொல்லி புதிய செஷன் திறங்கள். அந்தப் புதிய செஷனுக்குள்ளிருந்து கேட்வேயை பிங் செய்யுங்கள், ஒரு பெயரை டிஎன்எஸ்ஸில் கேளுங்கள், அந்த சர்வரின் உண்மையான வேலை நடக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியென்றால் மட்டும் அன்ரெஜிஸ்டர்-ஷெட்யூல்டுடாஸ்க். மீட்பை ரத்து செய்யும் கட்டளையை ஒருபோதும் மாற்றும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே வைக்காதீர்கள். புதிய முகவரி வழியாக வெளியிலிருந்து வந்தவர்தான் கயிற்றை அவிழ்க்க வேண்டும்.

எட்டாம் படி: கம்பியையும் பாருங்கள்

எல்லா சர்வரிலும் லிங்க் வேகத்தை ஒரே அட்டவணையாக எடுங்கள். 1 ஜிபிபிஎஸ் வர வேண்டிய இடத்தில் 100 எம்பிபிஎஸ் நின்றால் ஸ்கிரிப்டைக் குறை சொல்லாதீர்கள். ஜிகாபிட் ஓட நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். மற்ற இரண்டு ஜோடியில் ஒரே ஒரு பின் தொடர்பு விட்டாலும் வேகம் இறங்கி அங்கேயே நிற்கும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஓரம் உப்புக்காற்று படும் இடங்களில் இதை அதிகம் எதிர்பாருங்கள். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், பொன்னிறமாக இருக்க வேண்டிய எட்டுத் தகட்டில் ஒன்றிரண்டு மங்கி, ஓரத்தில் பச்சைப் பூ பூத்திருக்கும். சுரண்ட வேண்டாம், பூச்சு போய்விடும். பேட்ச் கார்டை மாற்றுங்கள். ஸ்விட்ச் போர்ட்டின் உள்ளேயும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பேக்கப் கார்டில் ஜம்போ ஃப்ரேம் (வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட்) போடுவதாக இருந்தால் அதைத் தனி நாளில் செய்யுங்கள். அந்தப் பண்பை மாற்றியதும் கார்டு ரீஸ்டார்ட் ஆகி லிங்க் சில நொடி விழும். பல டிரைவர்களில் மதிப்பு 9014. 9000-த்தோடு ஈதர்நெட் தலைப்பு 14 பைட். சோதிக்க 8972 பைட் பிங், துண்டாக்காதே என்ற சுவிட்சோடு. 9000-த்தில் ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி 8 போக மிச்சம் அது. நடுவில் உள்ள ஸ்விட்சில் ஜம்போ இல்லையென்றால் சின்ன பிங் போகும், பெரியது போகாது.

உபுண்டு சர்வர்கள்

இங்கே வேலை சுலபம், ஏனென்றால் மீட்புக் கயிறு கூடவே வருகிறது. நெட்பிளான் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பு) கோப்பில் மேட்ச் பகுதியில் மேக்கும், செட்-நேம் பகுதியில் புதுப்பெயரும் கொடுங்கள். அட்ரசஸ் பட்டியலில் பழையதும் புதியதும் இரண்டுமே இருக்கட்டும். பழைய கோப்புகளில் காணும் கேட்வே4 என்ற சொல் வழக்கொழிந்தது. ரூட்ஸ் பகுதியில் டிஃபால்ட் என்று எழுதுங்கள். உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் மட்டும், டேப் பட்டால் கோப்பே படிக்கப்படாது.

பிறகு நெட்பிளான் டிரை. 120 நொடிக்குள் நீங்கள் என்டர் தட்டவில்லை என்றால் தானாகப் பழைய நிலைக்குப் போய்விடும். பாண்ட், பிரிட்ஜ் அமைப்புகளின் தனி அளவுருக்களை மாற்றினால் மட்டும் அதை நம்பாதீர்கள்; அவற்றைத் திருப்ப அதற்குத் தெரியாது. மாற்றம் ரீபூட்டுக்குப் பின் காணாமல் போனால் கிளவுட்-இனிட் (சர்வர் எழும்போது அமைப்புகளை எழுதும் கருவி) தன் கோப்பைத் திரும்ப எழுதியிருக்கும். அதன் நெட்வொர்க் வேலையை முடக்கும் கோப்பை அதன் கான்ஃபிக் ஃபோல்டரில் வைத்தபின் தொடருங்கள்.

பழைய முகவரியை எடுப்பது

மாற்றம் முடிந்து குறைந்தது இரண்டு வாரம் பழைய ஐபி அப்படியே இருக்கட்டும். நான்காம் படியில் ஓட்டிய அதே கணக்கெடுப்பை மறுபடி ஓட்டுங்கள். பழைய எண்ணுக்கு வருபவர்கள் நாளுக்கு நாள் குறைவார்கள். கடைசியாக மிஞ்சும் ஒன்றிரண்டு பெட்டிகளைத் தேடிப் போய் மாற்றுங்கள். மூன்று நாள் தொடர்ந்து பூஜ்யம் என்று வந்தபின் ரிமூவ்-நெட்ஐபிஅட்ரஸ், மறுபடியும் முதலில் ஒரே ஒரு சர்வரில். அன்றைக்கே அந்த சர்வரை ஒருமுறை ரீபூட் செய்து, எழுந்ததும் முகவரி, கேட்வே, டிஎன்எஸ் மூன்றும் நிற்கிறதா என்று பாருங்கள்.

எல்லா இடத்திலும் இது முடிந்தபின் ரவுட்டரிலிருந்து 192.168.1.1-ஐ எடுங்கள். மூன்று ரவுட்டரிலும் அது போன பிறகே விபிஎன் சுரங்கத்தைப் போடுங்கள். ஒரு இடத்தில் மிச்சமிருந்தாலும் அந்த வரிசைக்கான பாக்கெட்டுகள் வாசலைத் தாண்டாமல் உள்ளேயே சுற்றும். கடைசிச் சோதனை: மணலி வே பிரிட்ஜ் கணினியிலிருந்து 10.20.10 வரிசையில் உள்ள பாரிமுனை சர்வருக்கு ஒரு பிங்.